ஒரு பெரிய முழு எண்ணைப் பிரித்தறிவது எப்படி? 8,47,392-ஐ முன்வைத்து ஒரு வழிகாட்டி

எண்ணியலில் புதிதாக நுழைபவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் தர வேண்டும் என்றால் நான் இதைத் தருவேன்: ஆறு இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண்ணை மனம்போனபடி எழுதிக்கொண்டு, அதைப் பற்றி அறியக்கூடியவற்றையெல்லாம் தாளும் பென்சிலும் கொண்டே கண்டறிய வேண்டும். கணிப்பானில் தட்டினால் விடைகள் நொடியில் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விடைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்பதைக் கையால் செய்து பார்த்தவர்களே உணர முடியும். இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிக்கொண்ட எண் 8,47,392, அதாவது எட்டு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எந்தச் சிறப்பையும் கருதி இதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஓர் எண்ணுக்கு இரு வகைப் பண்புகள் உண்டு. சில பண்புகள் எண்ணுக்கே உரியவை: அது 7-ஆல் வகுபடுமா, அதற்கு எத்தனை காரணிகள் உள்ளன என்பன போன்றவை. அந்த எண்ணைக் கூழாங்கற்களாகக் குவித்து வைத்தாலும் அவை மாறா. வேறு சில பண்புகள், நாம் பத்தின் அடிப்படையில் எண்களை எழுதுகிறோம் என்பதால் மட்டுமே தோன்றுபவை: இலக்கங்களின் கூடுதல், கடைசி இலக்கம், முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படுவது போன்றவை. புதியவர்கள் இரண்டாம் வகையில் மயங்கிப்போய் முதல் வகையைத் தவறவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டாம் வகையை முதல் வகைக்குச் செல்லும் குறுக்குவழியாகப் பயன்படுத்துவதே சரியான அணுகுமுறை.

முதல் படி: எல்லையை வரையறுத்தல்

எந்தப் பெரிய எண்ணானாலும் முதலில் அதன் வர்க்கமூலம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 920-இன் வர்க்கம் 8,46,400. 921-இன் வர்க்கம் 8,48,241. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் அது முழு வர்க்கம் அன்று என்பது உடனே தெரிந்துவிடுகிறது. இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று. ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், அவற்றுள் ஒன்றாவது வர்க்கமூலத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது; இரண்டுமே பெரிதாக இருந்தால் பெருக்கற்பலன் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 920 வரை எந்தப் பகா எண்ணும் நம் எண்ணை வகுக்கவில்லை என்றால், அதற்கு மேல் தேடாமலே அது பகா எண் என்று கூறிவிடலாம். 920-க்குள் உள்ள பகா எண்கள் 157. ஆக, எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஓர் எண்ணை ஆராய, மிக மோசமான நிலையிலும் 157 வகுத்தல்களே போதும். காரணிகள் கிடைக்கக் கிடைக்க இந்த எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே போகும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

4, 6, 9, 15 போன்ற பகு எண்களால் தனியே வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 15 வகுக்குமானால் 3-உம் 5-உம் முன்பே வகுத்திருக்கும். 1 பகா எண்ணாகக் கருதப்படுவதில்லை, அதையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: இரண்டுகளை உரித்தெடுத்தல்

கடைசி இலக்கம் 2 என்பதால் எண் இரட்டைப்படை. பத்து என்பது இரண்டின் மடங்கு என்பதால்தான் கடைசி இலக்கம் மட்டுமே இதைத் தீர்மானிக்கிறது. அதேபோல் 100 நான்கின் மடங்கு என்பதால் கடைசி இரண்டு இலக்கங்கள் 4-க்கும், 1000 எட்டின் மடங்கு என்பதால் கடைசி மூன்று இலக்கங்கள் 8-க்கும் சான்று கூறும். நம் எண்ணில் 92 என்பது 4-இன் மடங்கு. 392 என்பது 8-இன் மடங்கு (8 × 49). இந்த விதிகளை நினைவில் வைத்திருப்பது நல்லதுதான் என்றாலும், நடைமுறையில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது எளிது: 8,47,392 → 4,23,696 → 2,11,848 → 1,05,924 → 52,962 → 26,481. ஐந்து முறை பாதியாக்கிய பின் ஒற்றைப்படை எண் வந்துவிட்டது. எனவே 8,47,392 = 2⁵ × 26,481.

இனி ஆராய வேண்டியது 26,481 மட்டுமே. இதன் வர்க்கமூலம் 163-க்கும் குறைவு. 920 வரை போக வேண்டிய தேவை ஒரே படியில் மறைந்துவிட்டது. காரணி ஒன்று கிடைத்தவுடன் அதனால் வகுத்து எண்ணைச் சிறிதாக்கிவிட வேண்டும், பழைய பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கூறுவது இதனால்தான்.

மூன்றாம் படி: இலக்கங்களின் கூடுதல்

8 + 4 + 7 + 3 + 9 + 2 = 33. 33 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் அப்படியே. இதற்கான காரணம் எளியது. 10, 100, 1000 ஆகிய ஒவ்வொன்றும் ஒன்பதின் ஏதோவொரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியது. 400 என்பது நான்கு 99-களும் ஒரு 4-உம். ஒன்பதின் மடங்குகளைக் கழித்துவிட்டால் எஞ்சுவது இலக்கங்களின் கூடுதலே. 26,481-ஐ மூன்றால் வகுத்தால் 8,827 கிடைக்கிறது. 8,827-இன் இலக்கக் கூடுதல் 25 என்பதால் மூன்று மீண்டும் வகுக்காது. 5-ஆல் வகுபடாது என்பது கடைசி இலக்கத்திலேயே தெரிகிறது.

முதலில் கூறிய வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க இது நல்ல இடம். இலக்கங்களின் கூடுதலால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ எண்கள் என்று கணிதவியலர் கப்ரேக்கர் பெயரிட்டார். 33 நம் எண்ணை வகுக்குமா? வகுக்காது; 11 அதன் காரணி அன்று என்பதை அடுத்த படியில் காண்போம். ஆகப் பத்தடிமானத்தில் 8,47,392 ஒரு ஹர்ஷத் எண் அன்று. அதே எண்ணை எட்டடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் எட்டின் அடிப்படையில், எழுதிப் பாருங்கள்: 3167040. இப்போது இலக்கக் கூடுதல் 21. பத்தடிமானத்தில் கூடுதல் 9-க்குச் சான்று கூறியதுபோல் எட்டடிமானத்தில் அது 7-க்குச் சான்று கூறும், ஏனெனில் 8 என்பது 7 + 1. 21 ஏழால் வகுபடுவதால் நம் எண்ணும் ஏழால் வகுபட வேண்டும். உண்மையில் 21-ஆலேயே வகுபடுகிறது, ஈவு 40,352. எட்டடிமானத்தில் எழுதினால் இதே எண் ஹர்ஷத் எண் ஆகிவிடுகிறது! எண் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. ஹர்ஷத் என்ற தகுதி எழுத்துமுறையோடு வந்து போகிறது. ஏழால் வகுபடுதல் எண்ணோடு நிலைத்திருக்கிறது.

நான்காம் படி: 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில்

7 × 11 × 13 = 1001 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கையால் கணக்கிடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள பெருக்கல் வாய்பாடு வேறில்லை என்பது என் கருத்து. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: நாம் காற்புள்ளியிட்டு எழுதும் 8,47,392 என்ற வடிவத்தில் இலட்சமும் ஆயிரமும் தனித்தனியே பிரிந்து நிற்கும், அந்தக் காற்புள்ளிகளை நம்பி 8, 47, 392 என்று பிரித்தால் சோதனை தவறிவிடும். சரியான பிரிப்பு 847 | 392.

1000 என்பது 1001-இலிருந்து ஒன்று குறைவு. எனவே 847 ஆயிரங்கள் என்பது, 1001-இன் மடங்குகளை நீக்கிவிட்டால், கழித்தல் 847-க்குச் சமம். ஆகவே 392-இலிருந்து 847-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது கழித்தல் 455. வகுபடுமா என்று மட்டும் அறிய வேண்டுமானால் குறியைப் பொருட்படுத்தாமல் 455-ஐப் பார்த்தால் போதும். 455 = 5 × 7 × 13. ஆக 7 வகுக்கும், 13 வகுக்கும், 11 வகுக்காது. ஆறு இலக்க எண்ணைப் பற்றிய மூன்று கேள்விகளுக்கு ஒரே கழித்தலில் விடை கிடைத்துவிட்டது. (455-இல் 5 இருப்பதைக் கண்டு நம் எண் 5-ஆல் வகுபடும் என்று எண்ணிவிட வேண்டாம். 1001-இன் காரணியாக 5 இல்லை என்பதால் இந்தச் சோதனை அதைப் பற்றி எதுவும் கூறாது.) எண்ணில் இரண்டுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தால் வலக்கோடியிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் செல்ல வேண்டும்.

மீதியும் தேவைப்பட்டால் குறி முக்கியமாகிவிடும். 11-ஆல் வகுக்கும்போது கழித்தல் 455-இன் மீதி 7. எனவே 8,47,392-இன் மீதியும் 7. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சரிபார்க்கப் பயன்படும்.

8,827-ஐ ஏழால் வகுத்தால் 1,261. அதை 13-ஆல் வகுத்தால் 97.

ஐந்தாம் படி: எஞ்சியது பகா எண்ணா?

97 பகா எண் என்பது பலருக்கும் நினைவில் இருக்கும். இருந்தாலும் காரணம் கூறிப் பழகுவது நல்லது. அதன் வர்க்கமூலம் 10-க்கும் குறைவு. 2, 3, 5, 7 ஆகிய நான்கும் அதை வகுக்கவில்லை. எனவே அது பகா எண். 157 வகுத்தல்கள் வரை ஆகலாம் என்று தொடங்கிய வேலை, விரல்விட்டு எண்ணக்கூடிய சோதனைகளில் முடிந்துவிட்டது:

8,47,392 = 2⁵ × 3 × 7 × 13 × 97

இந்த ஒரு வரியை வேறு எந்த வகையிலும் எழுத முடியாது. காரணிகளின் வரிசையை மாற்றலாம், அவ்வளவே. ஒவ்வொரு முழு எண்ணுக்கும் பகாக் காரணிப்படுத்தல் ஒன்றே ஒன்றுதான் என்பதை 1801-இல் காஸ் முழுமையாக நிறுவினார். இனி வரும் பண்புகள் அனைத்தையும் இந்த வரியிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

சரிபார்த்தல்

பெருக்கிப் பார்ப்பது ஒரு வழி: 32 × 3 = 96; 96 × 7 = 672; 672 × 13 = 8,736; 8,736 × 97 = 8,47,392. இதைவிட விரைவானது ஒன்பதை நீக்கும் முறை. நம் எண்ணின் இலக்கக் கூடுதல் 33, அதன் கூடுதல் 6. காரணிகளின் பக்கம் 32-க்கு 5, 3-க்கு 3, 7-க்கு 7, 13-க்கு 4, 97-க்கு 7 (9 + 7 = 16, 1 + 6 = 7). இவற்றைப் பெருக்கி, ஒவ்வொரு முறையும் ஒற்றை இலக்கமாகச் சுருக்கினால் 15 → 6, 42 → 6, 24 → 6, 42 → 6. இரு பக்கமும் 6.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கண் குருடு. 8,47,392-ஐ அவசரத்தில் 8,74,392 என்று இடம் மாற்றி எழுதிவிட்டாலும் இலக்கக் கூடுதல் அதேதான். நானே ஒருமுறை இப்படி எண்ணை மாற்றி எழுதிவிட்டு, ஒன்பதை நீக்கும் சோதனை சரியாக வந்துவிட்டது என்ற துணிவில் அரைநாள் தவறான எண்ணோடு மல்லாடியிருக்கிறேன். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறும் பிழையை 11-இன் சோதனை தவறாமல் பிடித்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். காரணிகளின் பக்கம் 11-ஆல் வகுத்த மீதிகள் 10, 3, 7, 2, 9. பெருக்கிக்கொண்டே வந்தால் 30 → 8, 56 → 1, 2, 18 → 7. முன்பு குறித்து வைத்த மீதியும் 7 தான்.

இனி படிக்கத் தொடங்கலாம்: காரணிகள் எத்தனை?

நம் எண்ணின் ஒரு காரணியை உருவாக்க விரும்பினால், எத்தனை இரண்டுகளை எடுத்துக்கொள்வது என்பதற்கு 0 முதல் 5 வரை ஆறு வாய்ப்புகள். 3, 7, 13, 97 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். எனவே மொத்தம் 6 × 2 × 2 × 2 × 2 = 96 காரணிகள். அவற்றைச் சோடி சேர்த்தால் 48 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று 920-க்குக் கீழே, மற்றொன்று அதற்கு மேலே. மிக நெருக்கமான சோடி 776 × 1,092.

96 என்பது அதிகமா, குறைவா? எட்டு இலட்சத்தை ஒட்டிய எண்களில் இது நிறையவே எனலாம், ஆனால் உச்சம் அன்று. தனக்கு முன் உள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்களை இராமானுசன் 1915-இல் வெளியான நீண்ட ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார். அந்த வகையைச் சேர்ந்த 7,20,720-க்கு 240 காரணிகள் உள்ளன. அதன் காரணிப்படுத்தல் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. சிறிய பகா எண்கள் எல்லாம் இடைவெளியின்றி அமர்ந்திருப்பதையும், அடுக்குகள் படிப்படியாகக் குறைவதையும் கவனியுங்கள். நம் எண்ணில் 5-உம் 11-உம் விடுபட்டு 97 என்ற பெரிய பகா எண் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. காரணிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவே காரணம்.

வேறுபட்ட பகாக் காரணிகளை மட்டும் எண்ணினால் நம்முடையது ஐந்து. ஓர் எண்ணுக்கு அவ்வாறு வழக்கமாக எத்தனை இருக்கும் என்பதை ஹார்டியும் இராமானுசனும் 1917-இல் கண்டறிந்தனர்: எண்ணின் இயல்மடக்கைக்கு (e, அதாவது ஏறத்தாழ 2.718-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கைக்கு) மீண்டும் ஒருமுறை இயல்மடக்கை கண்டால் வரும் அளவை ஒட்டியே அது பெரும்பாலும் அமையும். 8,47,392-க்கு அந்த அளவு ஏறத்தாழ 2.6. நான் மனம்போனபடி எழுதிய எண், பார்த்தால் சற்று வசதியான எண்ணாக அமைந்துவிட்டது.

காரணிகளின் கூடுதலையும் இதே வழியில் பெறலாம். ஒவ்வொரு பகா அடுக்குக்கும் உரிய கூடுதலைத் தனித்தனியே கண்டு பெருக்க வேண்டும்: (1 + 2 + 4 + 8 + 16 + 32) × (1 + 3) × (1 + 7) × (1 + 13) × (1 + 97) = 63 × 4 × 8 × 14 × 98 = 27,65,952. இதிலிருந்து எண்ணையே கழித்தால் தன்னை ஒழித்த காரணிகளின் கூடுதல் 19,18,560; இது எண்ணை விட இரு மடங்குக்கும் மேல். இப்படிக் கூடுதல் எண்ணைத் தாண்டினால் அதை மிகையெண் என்றும், எட்டாவிட்டால் குறைவெண் என்றும், சமமாக இருந்தால் நிறைவெண் என்றும் கூறுவர். 6, 28, 496, 8128 ஆகியவை முதல் நான்கு நிறைவெண்கள், ஐந்தாவது 3,35,50,336. உண்மையில் நம் எண் மிகையெண் என்பதைக் கூட்டிப் பார்க்காமலே கூறியிருக்கலாம். ஆறின் மடங்காக உள்ள எந்த எண்ணுக்கும் அதன் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு ஆகிய மூன்றுமே காரணிகள். நம் எண்ணில் அவை 4,23,696, 2,82,464, 1,41,232. இம்மூன்றையும் கூட்டினாலே முழு எண் வந்துவிடுகிறது; மற்றவை எல்லாம் மிகை. ஆறு மட்டும் விதிவிலக்கு, அதற்கு மற்றவை என்று எதுவும் இல்லை.

ஆய்லரின் கணக்கு

1 முதல் 8,47,392 வரை உள்ள எண்களில், நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? பகாக் காரணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சலித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டின் மடங்குகளை நீக்கினால் பாதி எஞ்சும்: 4,23,696. அதில் மூன்றின் மடங்குகள் நீங்கினால் மூன்றில் இரு பங்கு: 2,82,464. ஏழில் ஆறு பங்கு: 2,42,112. பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு: 2,23,488. தொண்ணூற்றேழில் தொண்ணூற்றாறு பங்கு: 2,21,184. இணைய வழிச் செய்திகளைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்கம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அங்கே எண்ணின் பகாக் காரணிகள் தெரிந்தவருக்கு மட்டுமே இந்த விடை எளிதில் கிடைக்கும்.

வர்க்கங்களின் வழியே

776, 1,092 என்ற சோடி இரண்டும் இரட்டைப்படை என்பதால் அவற்றின் சராசரி 934, பாதி வேறுபாடு 158. எனவே 934² − 158² = 8,72,356 − 24,964 = 8,47,392. எண்ணை இரு வர்க்கங்களின் வேறுபாடாக எழுதுவது இவ்வளவு எளிது. கூடுதலாக எழுதுவதோ அப்படியன்று. நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் ஒவ்வொன்றும் காரணிப்படுத்தலில் இரட்டைப்படை முறை வந்தால் மட்டுமே அந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும். நம் எண்ணில் 3-உம் 7-உம் அந்த வகையினவாக இருந்தும் ஒவ்வொரு முறையே வருகின்றன. ஆகவே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தேடாமலே இதைக் கூற முடிவதுதான் காரணிப்படுத்தலின் பயன்.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் எழுதிவிடலாம் என்று லக்ராஞ்சி 1770-இல் நிறுவினார். நம் எண்ணுக்கு மூன்றே போதும்: 916² + 80² + 44² = 8,39,056 + 6,400 + 1,936. இதை நான் கண்டுபிடித்த வழி எளியது. எண்ணை 16-ஆல் வகுத்து 52,962 ஆக்கிக்கொண்டு, அதிலிருந்து பெரிய வர்க்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். 230-இன் வர்க்கத்தைக் கழித்தால் 62. அது இரு வர்க்கங்களாகப் பிரியாது. 229-இன் வர்க்கத்தைக் கழித்தால் 521. அது 20² + 11². பிறகு மூன்று எண்களையும் நான்கால் பெருக்கினேன்.

தலைகீழாக்கினால்

1-ஐ 8,47,392-ஆல் வகுத்துத் தசம எண்ணாக எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் அதே வரியில் படிக்கலாம். இரண்டின் அடுக்கு 5 என்பதால் தசமப் புள்ளிக்குப் பின் முதல் 5 இலக்கங்கள் சுழற்சியில் சேராதவை. அதன் பின் ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வரும். 3-க்கு அந்தச் சுழற்சியின் நீளம் 1, 7-க்கும் 13-க்கும் 6, 97-க்கு 96; இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 96. ஆக 96 இலக்கங்களுக்கு ஒருமுறை சுழற்சி நிகழும். காரணிகளின் எண்ணிக்கையும் 96 என்பது வெறும் தற்செயல். இதில் மறைபொருள் தேட வேண்டாம். இந்தப் பண்பும் பத்தடிமானத்தைச் சார்ந்ததே. இரும முறையில் எழுதினால் (அங்கே நம் எண் 11001110111000100000 என்ற இருபது இலக்கங்கள் கொண்டது, இறுதியில் உள்ள ஐந்து சுழிகள் ஐந்து இரண்டுகளைக் காட்டிக்கொடுக்கின்றன) சுழற்சியின் நீளம் வேறாகிவிடும்.

காரணி தெரியாமலே பொதுக் காரணி காணல்

இரண்டு பெரிய எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண, இரண்டையும் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். தேவையே இல்லை. யூக்ளிட் காட்டிய வழியில், பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு சிறியதை மீதியால் வகுத்து, மீதி சுழியாகும் வரை இதையே தொடர வேண்டும். 8,47,392-ஐயும் 7,20,720-ஐயும் எடுத்துக்கொள்வோம்.

8,47,392 = 1 × 7,20,720 + 1,26,672
7,20,720 = 5 × 1,26,672 + 87,360
1,26,672 = 1 × 87,360 + 39,312
87,360 = 2 × 39,312 + 8,736
39,312 = 4 × 8,736 + 4,368
8,736 = 2 × 4,368 + 0

விடை 4,368. இரு காரணிப்படுத்தல்களுக்கும் பொதுவான 2⁴ × 3 × 7 × 13-ஐப் பெருக்கினாலும் இதே எண்தான் வரும். இரு எண்களையும் பெருக்கி 4,368-ஆல் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு 13,98,19,680 கிடைக்கும்.

பொதுக் காரணி என்ற கருத்தை விட்டு நகர்வதற்கு முன், புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஓர் எண்ணை 4-உம் 6-உம் வகுத்தால் 24 வகுக்கும் என்று கொள்வது தவறு. 12-ஐப் பாருங்கள், 36-ஐப் பாருங்கள். இரு காரணிகளுக்கும் இடையே பொதுக் காரணி இல்லாதபோது மட்டுமே பெருக்கற்பலனும் வகுக்கும் என்று உறுதியாகக் கூறலாம்.

எண் கைக்கு மீறிப் போகும்போது

யூக்ளிடின் முறை நூறு இலக்க எண்களுக்கும் விரைவாகவே முடியும். காரணிப்படுத்தலோ எண் வளர வளரக் கையை மீறிவிடும். 2³² + 1, அதாவது 4,29,49,67,297, பகா எண் என்று பெர்மா கருதியிருந்தார். 1732-இல் ஆய்லர் அது 641 × 67,00,417 என்று காட்டினார். கண்மூடித்தனமாக எல்லாப் பகா எண்களையும் முயலாமல், அந்த எண்ணுக்குக் காரணியாக வரக்கூடியவை எந்த வடிவில் இருக்க முடியும் என்று முதலில் வரையறுத்துக்கொண்டதால்தான் அவரால் அது முடிந்தது.

பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு 2⁶⁷ − 1 சிறந்த எடுத்துக்காட்டு. 1644-இல் மெர்சென் அதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் லூக்கா அது பகா எண் அன்று என்று நிறுவினார், ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. 1903-இல்தான் கோல் என்பவர் அதை 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று பிரித்துக் காட்டினார். ஒரு காரணியைக்கூடக் காணாமல் ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று விரைவாகத் தீர்மானிக்கும் பொதுவான வழிமுறையை, எந்த நிறுவப்படாத அனுமானத்தையும் சாராமல், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002-இல் தந்தனர். இன்று அறியப்பட்ட பெரும் பகா எண்களில் ஒன்று, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண். அது 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. மறுபக்கம், காரணிப்படுத்தலில் 250 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ. எண் ஒன்றைப் பிரித்ததே 2020-இல் பெருஞ்செய்தியாக இருந்தது. நான்கு கோடி இலக்கங்களுக்கும் 250 இலக்கங்களுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை வைத்தே இரு வேலைகளின் கடினத்தை எடைபோட்டுக்கொள்ளலாம்.

நீங்களே செய்து பார்க்க ஓர் எண்

5,89,589-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாகப் பிரித்தவுடன் ஒரு செய்தி கண்ணில் படும். அதை எழுதிவிட்டு மேலே படியுங்கள். இரு குழுக்களும் ஒன்றே என்பதால் வேறுபாடு சுழி. எனவே 7, 11, 13 மூன்றும் வகுக்கும், எஞ்சுவது 589. அதன் வர்க்கமூலம் 25-க்குக் குறைவு. மூன்று முதல் ஒவ்வொரு பகா எண்ணாக முயன்றால் 19-இல் உடைந்து 31 கிடைக்கும். ஆக 7 × 11 × 13 × 19 × 31. இதற்கும் வேறுபட்ட பகாக் காரணிகள் ஐந்து. ஆனால் காரணிகளின் எண்ணிக்கை 32 மட்டுமே. கூடுதல் 8 × 12 × 14 × 20 × 32 = 8,60,160; எண்ணையே கழித்தால் எஞ்சுவது 2,70,571. எனவே இது குறைவெண். 8,47,392-ஐ மிகையெண்ணாக்கிய 2-உம் 3-உம் இங்கே இல்லை.